இரவல் போன ஆடு

எங்கள் தீவில் தேங்காய் துருவும் பலகைக்கு ஆடு என்றுதான் பெயர். தாழ்ந்த உடம்பு, முன்னால் நீட்டிய கழுத்து, கழுத்தின் நுனியில் பல் வைத்த இரும்பு நாக்கு. பெயர் வைத்தவர்களுக்கு அது ஆடாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்தும் எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. மேய்கிற ஆட்டுக்கும் அதே பெயர்தான். இதனால் ஊரில் ஒரு குழப்பமும் வந்தது கிடையாது. அடுப்பங்கரையில் நின்று ஆடு என்றால் பலகை, கொல்லையில் நின்று ஆடு என்றால் ஆடு. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு ஆம்பிளைகளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

என் பெயர் கசீஜா. பெம்பா தீவில், வெட்டே பட்டணத்துக்குப் போகிற சாலையில், கிராம்புத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊரில் தையல்காரி. என் வீட்டுக்கும் ரிசீக்கி வீட்டுக்கும் இடையில் தென்னோலைத் தட்டி ஒன்றுதான். அந்தத் தட்டியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. அவள் ஆட்டை நான் இரவல் வாங்கி வாங்கியே உண்டான சந்து அது. எனக்கென்று ஆடு நிலைத்ததில்லை. மூன்று வாங்கிப் பார்த்தேன். சந்தையில் விற்பதெல்லாம் ஆணி அடித்த சரக்கு. ஒரு மழைக்காலம் முனகும், அடுத்த மழைக்காலம் நம்மைத் தரையில் உட்கார்த்திவிடும். நான் கொஞ்சம் கனத்த சரீரம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரிசீக்கியின் ஆடு வேறு ரகம். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், அவள் கொம்போவைக் கட்டிக்கொண்டு வந்தபோது மகாமே செய்து கொடுத்தது. மகாமே படகு கட்டுகிறவர், கொம்போவின் சிநேகிதர். உடைந்துபோன பாய்மரப் படகின் பலகையை அறுத்து, இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கத்தரிக்கோல் மாதிரி மடங்கும்படி செதுக்கியிருந்தார். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. நாக்கு, பழைய லாரிப் பட்டையில் கொல்லன் அடித்தது. கடல் தண்ணீர் குடித்த மரம் என்பதால் பூச்சி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உட்காருகிற இடம் மட்டும் தேய்ந்து குழிந்துவிட்டது. அந்தக் குழி தன் அளவு என்று ரிசீக்கி சொல்வாள். தெருவில் பாதிப்பேர் சேர்ந்து தேய்த்த குழி என்பது எனக்குத் தெரியும்.

தினமும் சோற்றுக்கு ஒரு தேங்காய், பயற்றுக்கு ஒரு தேங்காய். கணவாய் கிடைத்தால் அதற்கு இன்னொன்று. இது ரிசீக்கி வீட்டுக் கணக்கு. என் வீட்டுத் தேங்காய், கல்யாண வீட்டுத் தேங்காய், மவ்லூது ஓதுகிற வீட்டுத் தேங்காய் எல்லாம் தனி. நோன்பு பிறப்பதற்கு முந்தின வாரம் மகாமே ஒரு அரத்தை எடுத்துக்கொண்டு தானாக வந்து நிற்பார். "எங்கம்மா எம் பிள்ளை? பல்லு விளக்கி விடணும்" என்பார். அரை நாழிகை அந்த நாக்கைத் தீட்டிவிட்டு, இஞ்சி போட்ட தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மகாமேயின் சொந்த வீட்டில் உருப்படியான ஆடு கிடையாது. "நாளைக்குச் செஞ்சு தரேன்" என்று பெண்டாட்டி சுவேனாவிடம் முப்பத்து நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் புருஷன் செய்த ஆட்டை ரிசீக்கியிடம் இரவல் வாங்கித்தான் சோறாக்கினாள்.

போன கிராம்புப் பறிப்பின்போது, ஒரு திங்கட்கிழமை, மகாமே படகுக் கொட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அந்திக்குள் அடக்கம் ஆகிவிட்டது. சுவேனா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது, அந்நிய ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வெட்டே ஆஸ்பத்திரியில் ரிசீக்கியின் மகள் ராயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ராயாவுக்கு இதற்கு முன்னால் இரண்டு தவறியிருந்தன. ஒன்று வயிற்றிலேயே. இன்னொன்று பிறந்து ஐந்தாம் நாள். அதற்கு ஏழாம் நாள் என்று ஒன்று வரவே இல்லை, தலைமுடி இறக்கவில்லை, அகீகா என்று ஆடு அறுத்துக் கொடுக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதனால் மூன்றாவதைச் சுமந்த நாலாம் மாதமே அவள் கொல்லையில் நின்ற கறுப்புக் காதுக் கிடாயின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். "இது தங்கினா ஏழாம் நாளே அகீகா. ஒரு நாள் தள்ள மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டாள். அந்தச் சிவப்புத் துணி என் தையல் கடையில் கிழித்தது. பெண் குழந்தைக்கு ஒரு ஆடு. அந்த ஆடு தயாராக இருந்தது. ஏழாம் நாள், வருகிற திங்கட்கிழமை.

புதன்கிழமை மகாமே வீட்டில் மூன்றாம் நாள் கத்தம், செத்தவருக்காக ஓதி ஊருக்குச் சோறு போடுகிற சடங்கு. காலையில் மழை விட்டிருந்தது. ரிசீக்கி மகளையும் குழந்தையையும் கூட்டிவர வெட்டேக்குக் கிளம்பினாள். வண்டி சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பாயில் கிராம்பு பரப்பிக்கொண்டிருந்த கொம்போவைப் பார்த்துச் சொன்னாள். தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டேன்.

"இந்தாங்க, மகாமே வீட்லேர்ந்து ஆடு கேட்டு வருவாங்க. குடுத்து அனுப்புங்க."

"எதை?"

"ஆட்டைத்தான். காதுல கிராம்பா வெச்சிருக்கீங்க? செத்த வீட்டு ஆளை நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதீங்க. வந்த உடனே குடுத்துடுங்க."

அவள் ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டாள். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எண்பது பேருக்குச் சோறு, நாற்பது தேங்காய், ஆடு கேட்காமல் எப்படி?

நானும் கைவேலையைப் போட்டுவிட்டு மகாமே வீட்டு முற்றத்துக்குப் போனேன். பொம்பிளைகள் பத்துப் பேர் தேங்காயை உடைத்துக் குவித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இருந்தது இரண்டே ஆடு. ஒன்று தள்ளாடுகிறது, இன்னொன்றுக்குப் பல்லே இல்லை. சமையலுக்குத் தலைமை துமு அக்கா. அவள் குரல் படகுத்துறை வரைக்கும் கேட்கும்.

"ஏண்டி கசீஜா, ரிசீக்கி ஆடு எங்கடி? சொல்லி வெச்சாளா இல்லையா?"

"சொல்லிட்டாக்கா. ஹமாதி தம்பி கொண்டாரப் போயிருக்கு."

ஹமாதி, மகாமேயின் தம்பி. பெரிய தீவில் துறைமுகத்தில் வேலை. அண்ணன் சாவுக்கு வந்தவர். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக எந்த வேலையிலும் படாமல் நின்றுகொண்டிருந்ததால் சுவேனாவே திரைக்குப் பின்னாலிருந்து சொல்லி அவரை அனுப்பியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஆடு குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்கக்கா. நல்ல ஆடு. கொம்போ அண்ணன் மறு பேச்சு பேசல. அவுத்துக் கையில குடுத்துட்டாரு."

"அவுத்தாரா? மடக்கித்தானே குடுப்பாங்க? சரி சரி, இங்க கொண்டாங்க. தேங்கா காத்துக் கிடக்கு."

"இங்கயா? பின்னாடி இல்ல வெச்சு உரிச்சுக்கிட்டிருக்காங்க."

"தேங்காயையா? உரிச்ச தேங்காதான் இங்க இருக்கே."

"தோலை, அக்கா."

"என்ன தோலு?"

"ஆட்டுத் தோலுதான்."

முற்றத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொருத்தி தேங்காய் மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். துமு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் பின்பக்கம் ஓடினேன். மாமரத்தடியில் மூன்று ஆம்பிளைகள் மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே சிவப்புத் துணி கிடந்தது.

அகீகா ஆட்டுக்கு எலும்பு முறிக்கக் கூடாது. மூட்டு மூட்டாகப் பிரித்து, தின்ற பிறகு எலும்பையெல்லாம் சேர்த்துப் புதைக்க வேண்டும். இங்கே அரிவாள் தொடை எலும்பை ஏற்கனவே இரண்டாக்கியிருந்தது. இறைச்சியைத் திருப்பிக் கொடுத்தாலும் இனி ஆகாது.

திரும்பி வந்து துமு அக்கா காதில் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ராயாவோட கிடாயா? அந்தப் புள்ள நேந்துக்கிட்டதா?"

"ஆமாக்கா."

"உள்ள சுவேனாவுக்குத் தெரிய வேணாம். ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. சிரிச்சதும் போதும். பல்லில்லாததுலயே துருவுங்கடி."

கொம்போ வீட்டுக்கு ஓடினேன். எங்கள் ஆடு, மரத்து ஆடு, அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. கொம்போ கிராம்பைத் துழாவியபடி, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எந்த ஆட்டை அண்ணே குடுத்தீங்க?"

"இருந்தது ஒண்ணுதானே."

"இதோ சுவத்துல சாஞ்சு நிக்குதே, இது யாரு?"

கொம்போ திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கையிலிருந்த கிராம்பு விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று.

"நேந்துக்கிட்ட ஆடுன்னு தெரியும்தானே? எப்படி அண்ணே மனசு வந்துச்சு?"

"முப்பத்து நாலு வருஷமா அவ சொன்னதைக் கேட்டுத்தான் குடும்பம் நடக்குது. நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதேன்னா. கேக்கல." பாயைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் சரின்னு பட்டுச்சு கசீஜா. மகாமே எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கான். இந்த வீட்டுல ஒரு நாள் சோறு அவன் கையில்லாம வெந்திருக்கா? அதுக்குத்தான் இவ ஆட்டைக் குடுக்கச் சொல்றா, ராயா புருஷன் வேற ஆடு கொண்டாருவான்னு நெனச்சேன். அவுக்கும்போது சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

திட்டத்தான் வந்தேன். சிந்தின கிராம்பைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் ரிசீக்கி வந்து இறங்கினாள். கையில் துணிப் பொட்டலமாகக் குழந்தை, பின்னால் மெதுவாக ராயா. ரிசீக்கிக்கு முதலில் பட்டது சுவரில் நின்ற பலகைதான்.

"என்ன, ஆடு இன்னும் போகலையா? தேங்காயைப் பல்லால கடிச்சா துருவறாங்க அங்க?"

ராயா கொல்லைப் பக்கம் பார்த்தாள். முளையில் கயிறு மட்டும் இருந்தது.

"அம்மா. என் ஆடு?"

கொம்போ எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. ரிசீக்கி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, செத்த வீட்ல கத்தத்துக்கு நாப்பது தேங்கா உடைச்சு வெச்சுக்கிட்டு ஆடு கேட்டா அது எந்த ஆடு?"

"நீ ஆடுன்னுதானே சொன்ன?"

"பின்ன, குதிரைன்னா சொல்லணும்?"

வேறு நாளாக இருந்தால் மூன்று தெருவுக்குச் சிரிப்பு. அன்று ராயா பாயில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். "நாலாம் மாசத்துலயே நேந்துக்கிட்டேம்மா. அந்த ஆட்டைப் பாத்துப் பாத்துத்தாம்மா மிச்ச மாசத்தைத் தள்ளினேன். போன தடவ அஞ்சாம் நாளு..." என்றாள். குழந்தை என் கையில் தூங்கிக்கொண்டிருந்தது. பப்பாளிக் காய் அளவு கனம்கூட இல்லை.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றேன். "தப்பு நடந்துபோச்சுன்னா அவங்களே ஏதாவது..."

"என்னன்னு சொல்லுவ?" ரிசீக்கி என் பக்கம் திரும்பினாள். "புருஷனை அடக்கம் பண்ணி மூணு நாள் ஆகல, அவ வீட்டுக் கத்தத்துல வெச்ச கறி எங்களோடது, தெரியாமக் குடுத்துட்டோம்னா? அந்தச் சோறு அவ தொண்டையில இறங்குமா? அந்த மனுஷன் செஞ்ச சாமான்ல துருவின பாலைத்தான் இந்த ராயாவுக்கு மொத மொத ஊட்டினேன். இவளுக்கு மட்டுமா? உனக்கு, உன் புள்ளைங்களுக்கு, தெருவுக்கே. போனது போனதா இருக்கட்டும். அவன் பேர்ல போச்சு, நல்லதுக்குத்தான் போச்சு. சுவேனா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. கசீஜா, உன்னைத்தான் சொல்றேன்."

"என்னை எதுக்குத் தனியா சொல்ற?"

"உன் வாயி எனக்குத் தெரியும்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கொம்போ ஆடு தேடி நடந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள்கூட இல்லை. எல்லா வீட்டு ஆடும் குர்பானிக்கென்று பேசி வைத்தாகிவிட்டது. போன இடத்தில் எல்லாம் தேநீர் கொடுத்தார்கள், கப்பக்கிழங்கு கொடுத்தார்கள், ஆடு மட்டும் இல்லை என்றார்கள். மருமகன் மீன்பிடிக்கப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. நடுவில் மழை வேறு. மேகம் கறுத்தால் ரிசீக்கியும் நானும் ஓடிப்போய்க் கிராம்புப் பாயைச் சுருட்டுவோம், வெயில் அடித்தால் விரிப்போம். கை, துணி, சோறு எல்லாவற்றிலும் கிராம்பு வாசனை. குழந்தைக்கு ஐந்தாம் நாளான சனிக்கிழமை ராயா அதைக் கீழேயே விடவில்லை. மார்போடு வைத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று விரலை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் சுவேனாவுக்கு மாற்று வெள்ளையுடை தைத்து எடுத்துக்கொண்டு போனேன். இருட்டறை. திரை தொங்கியது. அவள் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே யாராரோ வருகிறார்கள், போகிறார்கள், அவளுக்குச் சத்தம்தான். உடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் கசீஜா, அன்னைக்கு ரிசீக்கி ஆடு வரலையாமே? துமு அக்காவைக் கேட்டா, பேச்சை மாத்தறா."

நான் ஊசி நூலைத் தேடுகிற மாதிரி பையைக் கிளறினேன்.

"ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் கையில வெச்சுக்கலாம்னு இருந்தேன். அவரு கட்டினது பூரா கடல்ல போயிடுச்சு. பாதி முழுகிருக்கும், பாதி எந்தக் கரையில கிடக்கோ. வீட்ல தேடிப் பாத்தேன், அவரு கை பட்டதுன்னு ஒரு கட்டில் காலு கூட இல்ல. எனக்கு எல்லாம் நாளைக்குத்தான். அது ஒண்ணுதான் இங்கயே இருக்கு, இன்னும் ஓடுது. அதான் கேட்டனுப்பினேன். ரிசீக்கிக்கு மனசில்லையா?"

இந்த இடத்தில் எவளால் சும்மா இருக்க முடியும்? ரிசீக்கிக்கு மனசில்லை என்று அவள் நினைத்துக்கொண்டு நாலு மாதம் பத்து நாள் அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பாளா?

"மனசில்லாம இல்லக்கா. ஆடு வந்துச்சு. வேற ஆடு வந்துடுச்சு" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சிவப்புத் துணி வரைக்கும் சொல்லிவிட்டேன்.

சுவேனா தஸ்பீஹைக் கீழே வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை. திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஹமாதி!"

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. "சொல்லுங்க மதினி."

"அன்னைக்கு நான் என்ன வாங்கிட்டு வரச் சொன்னேன்?"

"ஆடுங்க மதினி."

"சும்மா வாங்கிட்டு வரச் சொன்னேனா, இரவலா?"

வெளியே செருப்பு தரையைத் தேய்த்தது.

"கசீஜா, நீ வீட்டுக்குப் போ. ரிசீக்கிகிட்ட ஒண்ணும் சொல்லாத. இதையாவது சொல்லாம இரு."

இரண்டு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் ரிசீக்கி வீட்டில் கிராம்புக் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தபோது, துமு அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"சுவேனா சொல்லி விட்டா. ஆடு கேட்டாளாம், இன்னும் வரலையாம். குடுத்து அனுப்பச் சொன்னா."

ரிசீக்கி கொம்போவைப் பார்த்தாள். கொம்போ காலி முளையைப் பார்த்தார்.

"எந்த ஆடுன்னு கேட்டுக்கோ" என்றார் மெதுவாக. "நல்லாக் கேட்டுக்கோ ரிசீக்கி. தாங்காது."

"மரத்து ஆடுதான்யா!" என்று துமு அக்கா போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

ரிசீக்கி பலகையைத் துடைத்து, நாக்கில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் தட்டி, மடக்கிக் கொடுத்தாள். துமு அக்கா போன பிறகு என்னைக் கேட்டாள்: "நாளைக்கு ஏழாம் நாளு. அகீகா இல்லாட்டி போகுது, முடியாவது இறக்கணும், வர்றவங்களுக்குத் தேங்காச் சோறாவது போடணும். ஆட்டையும் வாங்கிட்டுப் போயிட்டாளே. உன்கிட்ட இருக்கா?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஆடு கேட்டாள். என்னிடம் ஏது?

திங்கட்கிழமை விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. முடி இறக்க வந்தவர் கத்தியைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தார். ராயா புதுத்துணி உடுத்தியிருந்தாள். முகத்தில் மட்டும் புதிது எதுவும் இல்லை. கொம்போ ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

சாலையில் யாரோ வருவது தெரிந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. தொப்பியைக் காணோம். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. ஒரு தோளில் மடக்கிய பலகை, ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறு நுனியில் வர மாட்டேன் என்று காலை ஊன்றுகிற ஒரு பழுப்பு ஆடு. பக்கத்தில் வந்த பிறகுதான் அது ஹமாதி என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. முந்தின நாள் விடியற்காலையில் படகு பிடித்துக் கோஜானித் தீவுக்குப் போய், சுவேனாவின் தம்பி வீட்டில் மேய்ந்துகொண்டிருந்த அவளுடைய சொந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு, அலையிலும் மழையிலும் வந்திருந்தார். துறைமுகத்து மனுஷர், படகில் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

முதலில் தோளிலிருந்த பலகையை ரிசீக்கி காலடியில் வைத்தார். அப்புறம் கயிற்றை நீட்டினார்.

"மதினி சொல்லி அனுப்பினாங்க. அப்படியே சொல்றேன். 'நான் கேட்டது இரவல் ஆடு. நீ ரெண்டு குடுத்த. ரெண்டையும் திருப்பி அனுப்பறேன். இரவலை எவளாவது வெச்சுக்குவாளா?'"

ரிசீக்கி கயிற்றை வாங்கவில்லை. "இது அவ பெருநாளுக்கு வெச்சிருந்த ஆடு. எனக்குத் தெரியும்."

"அதுக்கும் பதில் சொல்லி விட்டாங்க. 'இத்தாவுல இருக்கறவளுக்கு எந்தப் பெருநாளு? அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு ஏழாம் நாளு. நின்னு பேசாம அறுக்கச் சொல்லு.'"

ராயா குழந்தையோடு எழுந்து வந்தாள். ஆட்டின் நெற்றியைத் தொட்டாள். பிறகு ஹமாதியின் சேற்றுக் காலைப் பார்த்து, "உக்காருங்க மாமா, டீ குடிங்க" என்றாள். இத்தனை நாளில் அவள் குரல் அப்படித் தெளிந்து நான் கேட்டதில்லை. ரிசீக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். யார் வாய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டி ஓரம் வந்து என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். என் வாய்க்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

மழை விட்டது. முடி இறக்கினார்கள், குழந்தை ஊரைக் கூட்டியது. ஆட்டை மூட்டு மூட்டாகப் பிரிக்கிற வரைக்கும் ராயா பக்கத்திலேயே நின்றாள். ஒரு எலும்பு முறியவில்லை. தேங்காய் துருவ நான் பலகையை விரித்தபோது கொம்போ வந்து, "எந்திரி, நான் துருவறேன்" என்றார்.

"ஆம்பிளை ஆட்டுல உக்காந்தா ஊரு சிரிக்கும் அண்ணே."

"சிரிக்கட்டும். இதுதான் ஆடுன்னு எனக்கு நல்லா மனசுல பதியணும்."

பத்துப் பொம்பிளைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்து முப்பது தேங்காய் துருவினார். முதல் நாலு தேங்காயில் பூவோடு ஓடும் வந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு விலா வலித்தது. சோறு நன்றாகத்தான் இருந்தது, அங்கங்கே பல்லில் கடிபட்டது.

எலும்பையெல்லாம் வெள்ளைத் துணியில் கட்டிக் கிராம்பு மரத்தடியில் புதைத்த பிறகு, ரிசீக்கி ஒரு தட்டில் சோறும் கறியும் மூடி எடுத்தாள். மறு கையில் பலகையை மடக்கி எடுத்துக்கொண்டாள். "வா" என்றாள். நானும் போனேன்.

சுவேனா அறையில் திரைக்குப் பின்னால் தட்டை வைத்தாள். அதன் பக்கத்தில் ஆட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள்.

"இது இங்க இருக்கட்டும் சுவேனா. உன் இத்தா முடியற வரைக்கும்."

"உனக்கு?"

"வேணும்னா நான் வந்து கேட்டு வாங்கிக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தானே சோறு திங்கறோம்?"

சுவேனா கையை நீட்டி அந்தக் குழிந்த இடத்தைத் தடவினாள். மரம் படகுப் பலகையாக இருந்த காலத்து ஆணித் துவாரம் ஒன்று ஓரத்தில் உண்டு, அதில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். அடக்கம் ஆன நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று துமு அக்கா பிறகு சொன்னாள். ரிசீக்கி பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

அந்த நாலு மாதம் பத்து நாளும் எங்கள் தெருவில் தேங்காய் துருவ வேண்டிய எல்லாரும் சுவேனா வீட்டுக்குத்தான் போனோம். இத்தாவில் இருப்பவள் வீட்டுக்குச் சும்மா போய் உட்கார எல்லாருக்கும் தயக்கம் இருக்கும், என்ன பேசுவது என்று தெரியாது. ஆடு வாங்கப் போகிறவளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. காலையில் நான் போவேன், அப்புறம் ரிசீக்கி, அப்புறம் துமு அக்கா. அங்கேயே உட்கார்ந்து துருவி, பாலும் பிழிந்து, ஊர்க்கதையும் பேசி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அந்த அறை ஒரு நாள் கூடச் சும்மா கிடக்கவில்லை. என்னிடம் சொந்தமாக ஒரு நல்ல ஆடு இல்லாமல் போனதற்கு நான் நன்றி சொன்னது அப்போதுதான்.

முதல் நாள் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ரிசீக்கியும் நானும் தேங்காயோடு போய் வாசலில் நின்றோம். முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் பொருளைத் தானே இரவல் கேட்கப் போகிறாள், ரிசீக்கிக்குக் கொஞ்சம் கூச்சம். தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"சுவேனா, ஆடு இருக்கா?"

உள்ளே தஸ்பீஹ் சத்தம் நின்றது. அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து, சிரிப்பை அடக்க முடியாமல் உடைந்த குரலில், சுவேனா கேட்டாள்:

"எந்த ஆடு?"